கையால் சுற்றிப் பார்த்தோம், முட்டவில்லை

கேள்வி:

ஐயா, வெள்ளவத்தையில் வசிக்கிறேன்; வயது 27. என்னுடைய பழைய கொரோலாவில் 16 வால்வு 4ஏ-ஜிஇ ரீகண்டிஷன் எஞ்சின் இருக்கிறது. ஹெட் கேஸ்கட் போனதால் ஹெட்டைக் கழற்றி அரை மில்லிமீற்றர் சீவினோம். அந்தச் சாட்டில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். பஞ்சிகாவத்தைக் கடையொன்றில் இரண்டு சோடி காட்டினார்கள். ஒன்று 264 பாகை, லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) 8 மில்லிமீற்றர். மற்றது 288 பாகை, 9 மில்லிமீற்றர். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் 288-ஐ எடுத்துவந்து பூட்டிவிட்டோம். எங்கள் மெக்கானிக் பாஸ் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) நான்கைந்து தடவை கையால் சுற்றிப் பார்த்தார், எங்கும் முட்டவில்லை. "லிஃப்ட் ஒரு மில்லிமீற்றர்தானே கூடியிருக்கிறது, தாராளமாக ஸ்டார்ட் செய்யலாம்" என்கிறார். நண்பன் ஒருவன் வால்வு வளையும் என்று பயமுறுத்துகிறான். வரும் ஏப்ரலில் நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் ஓட ஆசை. எதைப் போடுவது? இரண்டு கேமுக்கும் தந்த அட்டைகளின் படத்தை அனுப்புகிறேன்.

பதில்:

தம்பி, சாவியைத் திருப்பாதீர்கள். பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி வைத்துவிட்டு மீதியை வாசியுங்கள். வீட்டில் யாராவது வண்டியை நகர்த்தி வைக்கலாம் என்று நினைத்து ஸ்டார்ட் செய்துவிடுவார்கள்.

உங்கள் பாஸ் கையால் சுற்றிப் பார்த்தது நல்ல பழக்கம். அதைக்கூடச் செய்யாமல் நேரே ஸ்டார்ட்டரை அடிப்பவர்களின் ஹெட்டுகள் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. ஆனால் கையால் சுற்றியதில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எஞ்சின் குளிர்ந்து, ஓய்ந்து, ஸ்பானரின் வேகத்தில் திரும்பும்போது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஏதோ கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்தக் கொஞ்சம் இரண்டரை மில்லிமீற்றராக இருக்கலாம். ஒரு வீரகேசரித் தாளின் தடிப்பாகவும் இருக்கலாம். இரண்டிலும் ஸ்பானர் ஒரே மாதிரித்தான் சுழலும்.

7,500 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 125 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 62 தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்ராட் இழுபடுகிறது. பெயாரிங் எண்ணெய்ப் படலத்தின் இடைவெளி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. டைமிங் பெல்ட் நீள்கிறது, பிஸ்டன் சற்றே சாய்கிறது, எக்சோஸ்ட் வால்வின் தண்டு சூட்டில் நீளுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பிரிங் களைத்திருந்தால் வால்வு கேமின் சொல்லைக் கேட்காமல் பிந்தி மூடும். கையால் சுற்றும்போது இவற்றில் ஒன்றுகூட நடப்பதில்லை. ஆகவே இவை எல்லாம் வந்து உட்காருவதற்கு முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும். பொதுவாக எஞ்சின் கட்டுபவர்கள் வைத்துக்கொள்ளும் குறைந்தபட்ச அளவு இன்லெட்டுக்கு 2 மில்லிமீற்றர், எக்சோஸ்ட்டுக்கு 2.5 மில்லிமீற்றர். உருக்குக் கொன்ராட் உள்ள எஞ்சினுக்கு இது. போட்டிக்காரர்களில் சிலர் இதைவிட நெருக்கமாக ஓடுகிறார்கள். அவர்களிடம் மாற்றுப் பிஸ்டன் ஒரு பெட்டி நிறைய இருக்கும், உங்களிடம் இல்லை.

இனி அந்த "ஒரு மில்லிமீற்றர்தானே" என்ற கணக்குக்கு வருகிறேன். இதில்தான் பலரும் விழுகிறார்கள்.

வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் பிஸ்டனில் முட்டும் என்று மனம் இயல்பாகவே நினைக்கும். உங்கள் எஞ்சினில் ஸ்ட்ரோக் 77 மில்லிமீற்றர். அட்டைப்படி இன்லெட் கேமின் உச்சி, பிஸ்டன் டொப்புக்கு (அது ஏறும் மிக உயர்ந்த இடத்துக்கு) வந்து, கிராங்க் 108 பாகை கடந்த பிறகு வருகிறது. அந்த நேரத்தில் பிஸ்டன் எங்கே நிற்கிறது தெரியுமா? ஏறக்குறைய 55 மில்லிமீற்றர் கீழே. வால்வு 9 மில்லிமீற்றர் இறங்கினால் என்ன, 10 இறங்கினால் என்ன, அதற்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு தேநீர்க் கோப்பையை வைக்கலாம். உச்ச லிஃப்ட் என்பது ஸ்பிரிங்குக்குக் கவலை. பிஸ்டனுக்கு அது கவலையே இல்லை.

பிஸ்டனுக்குக் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. எக்சோஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்லெட் தொடங்கும் அந்த டொப்பில் இரண்டு வால்வுகளும் ஒருங்கே கொஞ்சம் திறந்திருக்கும். ஓவர்லாப் என்பது அதுதான். எக்சோஸ்ட் வால்வு மூடிக்கொண்டு மேலே போகிறது, பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது. டொப் தாண்டியதும் ஆட்டம் மாறுகிறது: பிஸ்டன் இறங்கி ஓட, இன்லெட் வால்வு அதைத் துரத்துகிறது. எக்சோஸ்ட் மிக நெருங்குவது டொப்புக்கு 10, 15 பாகை முன்னால். இன்லெட் மிக நெருங்குவது டொப்புக்கு 10, 15 பாகை பின்னால். டொப்பிலிருந்து 10 பாகை தள்ளியும் பிஸ்டன் இறங்கியிருப்பது முக்கால் மில்லிமீற்றர் அளவுதான். 20 பாகையில் 3 மில்லிமீற்றர். ஒரு பக்கம் பிஸ்டன் ஆமை வேகத்தில் நகர, மறுபக்கம் வால்வு வேகம் பிடித்திருக்கும். ஆபத்து முழுவதும் இந்தச் சின்னச் சந்துக்குள் இருக்கிறது. எக்சோஸ்ட்டுக்கு அரை மில்லிமீற்றர் கூடக் கேட்பதன் காரணமும் இதுவே. துரத்தப்படுகிறவன் தடக்கி விழுந்தால் துரத்துகிறவன் மேலே ஏறித்தான் போவான்.

இப்போது நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்ப்போம். டியூரேஷனை, அதாவது வால்வு திறந்திருக்கும் பாகையை, பாதியாக்கி, அதிலிருந்து உச்சி வரும் பாகையைக் கழித்தால் வால்வு டொப்புக்கு எவ்வளவு முன்னால் திறக்கிறது என்று வரும். 264-இன் பாதி 132. அதில் 108 போக 24 பாகை. 288-இன் பாதி 144. 108 போக 36 பாகை. எக்சோஸ்ட்டுக்கும் அதே 108 போட்டிருப்பதால் ஓவர்லாப் 48 பாகையிலிருந்து 72 பாகைக்குத் தாவுகிறது. அட்டையின் கடைசி வரியை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. "டொப்பில் லிஃப்ட்" என்று சின்ன எழுத்தில் இருக்கிறதே, அதுதான் நீங்கள் தேட வேண்டிய எண். 264-க்கு 1.7 மில்லிமீற்றர், 288-க்கு 3.1 மில்லிமீற்றர். பாஸ் சொன்ன ஒரு மில்லிமீற்றர் உச்சியில் கூடியது. முட்டக்கூடிய இடத்தில் கூடியிருப்பது 1.4. அதோடு ஹெட்டைச் சீவிய அரை மில்லிமீற்றரையும் சேருங்கள். வால்வுகள் சாய்ந்து நிற்பதால் அந்த அரை முழுதாகக் கணக்கில் வராது. நான் முழுதாகவே எடுத்துக்கொள்வேன். ஆக, சீவாத ஹெட்டில் 264 போட்டதோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 1.9 மில்லிமீற்றர் போய்விட்டது. இன்லெட்டுக்கு நாம் விட வேண்டிய முழு இடமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சீவியதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஹெட் கீழே இறங்கியதால் கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள தூரம் குறைந்து, பெல்ட்டின் தளர்வை டென்ஷனர் இழுத்துக்கொள்ள, கேம் டைமிங் சிறிதளவு பின்னால் போயிருக்கும். டைமிங் பின்னால் போனால் இன்லெட் தப்பும், எக்சோஸ்ட் பிஸ்டனுக்குக் கிட்ட வரும். முன்னால் போனால் மறுதலை. இந்த மாதிரிக் கேமில் கிராங்க் ஒரு பாகைக்கு 0.1 மில்லிமீற்றர் போல மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாத எஞ்சின் அல்லவா இது" என்று யாராவது சொல்வார்கள். 16 வால்வு 4ஏ-ஜிஇக்கு அந்தப் பெயர் உண்டு, கம்பனிக் கேம் இருக்கும் வரைக்கும். கேமை மாற்றிய அன்றே அந்த உறுதிமொழி காலாவதியாகிவிடுகிறது.

சரி, அளப்பது எப்படி? ஹெட்டை மறுபடியும் கழற்றத்தான் வேண்டும். முகம் சுளிக்காதீர்கள், இன்றைக்கு ஒரு பகல் போகும், அவ்வளவுதான்.

புத்தகக் கடையில் பிள்ளைகளுக்கு விற்கும் பிளாஸ்டிசின் ஒரு பக்கெட் வாங்குங்கள். முதலாம் சிலிண்டரின் பிஸ்டன் தலையில் உள்ள கரியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நான்கு வால்வுப் பள்ளங்களிலும் அவற்றின் விளிம்பிலும் ஆறு மில்லிமீற்றர் தடிப்புக்குப் பிளாஸ்டிசினை அழுத்தி ஒட்டுங்கள். வால்வுகளின் முகத்தில் விரலால் எஞ்சின் ஒயில் தடவுங்கள். இல்லாவிட்டால் வால்வு திரும்பும்போது களியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். பழைய, ஏற்கெனவே நசுங்கிய கேஸ்கட்டை வைத்து, ஹெட் போல்ட்டுகளை முறைப்படி முறுக்கி, பெல்ட்டைச் சரியான அடையாளத்தில் மாட்டுங்கள். டெப்பட் இடைவெளியை (கேமுக்கும் வால்வை அமுக்கும் டெப்பட்டுக்கும் நடுவில் உள்ளதை) முதலிலேயே சரிசெய்திருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.15 முதல் 0.25, எக்சோஸ்ட் 0.20 முதல் 0.30 என்பது கம்பனி அளவு, புதிய கேமின் அட்டையில் வேறாக இருந்தால் அதன்படி. டெப்பட் தளர்வாக இருந்தால் களி உங்களுக்குப் பொய் சொல்லும், அதுவும் நீங்கள் கேட்க விரும்பும் பொய்யை.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மெதுவாக இரண்டு முழுச் சுற்று. இரண்டு, ஏனென்றால் கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒன்று சுற்றும். களி நசுங்கும் மெல்லிய இறுக்கம் கையில் தெரியும். அது வழமை. உலோகம் உலோகத்தில் நிற்கும் இறுக்கம் வேறு விதமானது. ஸ்பானர் சட்டென்று நின்றுவிடும். அப்போது பலம் காட்டாமல் பின்னால் திருப்புங்கள்.

ஹெட்டைத் தூக்கியதும் களியில் நான்கு பிறைகள் தெரியும். ஒவ்வொன்றையும் புதிய சவர பிளேட்டால் நடுவே வெட்டி, பாதியை மெதுவாக உரித்தெடுங்கள். வெட்டிய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து போகும். மிக மெலிந்த இடத்தில்தான் வேர்னியரை வைக்க வேண்டும். பள்ளத்தின் தரைக்குச் செங்குத்தாக, களியை நசுக்காமல். வேர்னியரின் பின்வாலை மேலிருந்து குத்தி அளந்தால் இன்னும் நல்லது. பிறகு வால்வின் விளிம்புக்கும் பள்ளத்தின் சுவருக்கும் நடுவில் எவ்வளவு களி நிற்கிறது என்றும் பாருங்கள். அங்கே 1.3 முதல் 1.5 மில்லிமீற்றராவது வேண்டும். ஆழத்தை மட்டும் அளந்து இந்தச் சுவரை மறப்பவர்கள் நிறையப் பேர்.

இதையே இரண்டாவது தடவையும் செய்யுங்கள், வேறொரு சிலிண்டரில். ரீகண்டிஷன் எஞ்சினில் எந்தப் பிஸ்டன் எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது.

நான் பட்ட ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கிராங்க் புலியில் (பெல்ட் ஓடும் கப்பியில்) இருந்த டொப் அடையாளத்தை நம்பி ஒரு எஞ்சினுக்குக் கேம் டைமிங் வைத்தேன். களி வைத்து அளந்தேன், எல்லாம் அழகாக வந்தது. வாடிக்கையாளர் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு உயிரே இல்லை என்றார். அவர் முன்னாலேயே, டைமிங் லைட் அடித்து, அந்த அடையாளத்தைப் பார்த்தபடி கேமை நகர்த்தினேன். அளவை மறுபடி எடுக்கவில்லை. புலியின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டப்பட்டது. பழசாகி ஏழெட்டுப் பாகை நழுவியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு எக்சோஸ்ட் வால்வுகள் என் செலவில். அன்றிலிருந்து பிளக் துளையில் ஒரு தடுப்புக் கம்பியைப் பூட்டி, கிராங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பி, நிற்கும் இரண்டு இடங்களின் நடுவைத்தான் டொப் என்று எடுக்கிறேன். பாகைத் தட்டு வாங்கக் காசு இல்லையென்றால், பாகை வட்டம் ஒன்றை அச்சிட்டு ஒரு பழைய சீடியில் ஒட்டி கிராங்க் போல்ட்டில் மாட்டுங்கள். சீடியின் விளிம்பில் ஒரு பாகை என்பது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

டயல் கேஜ் வைத்திருப்பவர்கள் களி இல்லாமலும் அளக்கலாம். கிராங்கை எக்சோஸ்ட்டுக்கு டொப்புக்கு 10 பாகை முன்னாலும் இன்லெட்டுக்கு 10 பாகை பின்னாலும் நிறுத்தி, கேம் புலியைத் தளர்த்தி, வால்வு பிஸ்டனில் தொடும் வரை கேமைக் கையால் திருப்பி, அப்போதுள்ள லிஃப்டிலிருந்து வழமையான லிஃப்டைக் கழிப்பார்கள். துல்லியம் கூட, பழக்கம் வேண்டும். உங்களுக்குக் களி போதும்.

அளவு குறைந்தால் வழிகள் உண்டு. பிஸ்டன் பள்ளத்தை ஆழமாக வெட்டலாம். தலைத் தடிப்பையும் மேல் ரிங் பள்ளத்தின் தூரத்தையும் அளந்து பார்க்காமல் யாரையும் வெட்ட விடாதீர்கள். தடித்த கேஸ்கட் போடலாம். அப்படியானால் ஹெட்டை ஏன் சீவினீர்கள்? இரண்டு கேம் உள்ள எஞ்சின் என்பதால், திருகும் புலி போட்டு இன்லெட்டைப் பின்னும் எக்சோஸ்ட்டை முன்னும் சில பாகை நகர்த்தி இடம் பிடிக்கலாம். கேம் புலியில் ஒரு பாகை கிராங்கில் இரண்டு பாகை என்பதை மறவாதீர்கள். ஆனால் இப்படி நகர்த்த நகர்த்த நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஓவர்லாப்பைத்தான் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், 288-ஐக் கடைக்குத் திருப்புங்கள். அளவு சரியாக வந்தாலும் திருப்புங்கள்.

வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் பம்பிளப்பிட்டி தாண்டுவதற்குள் எத்தனை தடவை கிளச் மிதிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 72 பாகை ஓவர்லாப் உள்ள கேம் ஐட்லிங்கில் நடுங்கும். இன்டேக்கின் வெற்றிடம் குறையும். உங்கள் எஞ்சினின் கணினி அந்த வெற்றிடத்தை அளந்துதான் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதால் அதுவும் குழம்பும். பிரேக் பூஸ்டர் வேலை செய்வதும் அதே வெற்றிடத்தில்தான். மகாகஸ்தோட்ட? 1934-இல் தொடங்கிய போட்டி அது. ஓட ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு போலக் குறைவு. கொண்டை ஊசி வளைவில் ஆர்பிஎம் விழுந்து மறுபடி எழ வேண்டிய பாதையில், அந்த மெல்லிய காற்றோடு, மேல் வேகத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் கேம் உங்களுக்கு என்ன செய்து தரப்போகிறது? 264 வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வரும். 288 சத்தம் போடும்.

9 மில்லிமீற்றர் லிஃப்டுக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. உங்கள் எஞ்சினில் டெப்பட் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடு), வால்வை அமுக்கும் வாளியின் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. உயர்ந்த லிஃப்டும் உயர்ந்த ஆர்பிஎம்மும் சேர்ந்தால் கேமின் மூக்கு அந்த ஷிம்மைத் தட்டி வெளியே எறிந்துவிடும். அதற்கு ஷிம் அடியில் வரும் வாளி வாங்க வேண்டும். பிறகு அதற்கேற்ற ஸ்பிரிங். எந்தக் கேமைப் போட்டாலும், முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு முன் மொத்தமாக 1.5 மில்லிமீற்றர் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிட்டெய்னருக்கும் ஒயில் சீலுக்கும் நடுவிலும் அதே 1.5. பழைய ரீகண்டிஷன் ஸ்பிரிங் என்றால் 264-க்கும் புதிது போடுவதே நல்லது. ஆர்பிஎம் லிமிட்டர் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். நான்காம் கியருக்குப் பதிலாக இரண்டாம் கியர் விழுந்தால், சில்லுகள்தான் எஞ்சினைச் சுழற்றும். லிமிட்டரால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடியும்.

264 போட்டாலும் களி வைத்து அளக்கத்தான் வேண்டும். ஹெட் சீவியிருக்கிறது, மறந்துவிடாதீர்கள். அளந்து முடித்த பிறகு 1.2 மில்லிமீற்றர் கேஸ்கட்டை விட்டு 0.8 போட்டால் அந்த அளவு செல்லாது.

கடைக்காரர் தந்த ஒரு வாரம் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. கையால் மட்டுமே சுற்றியிருப்பதால் 288-இன் லோப்புகளில் தேய்மானத் தடம் இருக்காது. ஒயிலைத் துடைத்து, வந்த பெட்டியிலேயே வைத்துக் கொண்டுபோங்கள். 264-ஐ அளந்ததும் எட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்: எந்தச் சிலிண்டர், இன்லெட்டா எக்சோஸ்ட்டா, கேஸ்கட் எத்தனை மில்லிமீற்றர். பிஸ்டனைச் சுற்றி ஒட்டியிருக்கும் களித் துணுக்குகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுத்த பிறகு ஹெட்டை மூடுங்கள். ரிங்குக்குள் போனால் அதற்கு வேறொரு கடிதம் எழுத வேண்டி வரும்.